கோவிற்பற்று

கரவெட்டியிலே ஒரு காணி கைமாறப்போகிறதென்றால் பெட்டகத்தின் அடியிற் கிடக்கும் உறுதிக்கட்டு முதலில் வெளியே வரும். வெள்ளைத் துணியிற் சுற்றி, கயிற்றாற் கட்டி, பூச்சி அரிக்காதிருக்க வேப்பிலை இட்டு வைத்த அத்தகைய கட்டொன்றை, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆனி மாதத்து மாலைப்பொழுதொன்றிலே தம் வீட்டு விறாந்தையில் அமர்ந்து அவிழ்த்தார். அவருக்கு அகவை 81. அவற்றுள் 34 ஆண்டுகள் பாடசாலைகளில் வரலாறு கற்பித்துக் கழிந்தவை. மனைவி காலமாகி ஆறாண்டுகள் ஆயின. மூத்த மகன் கனடாவிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். மகள் கொழும்பிலே, வெள்ளவத்தையில் இருக்கிறாள். இனி அவர் மகளோடு சென்று வாழ்வதென்றும், வீடும் வளவும் விற்கப்படுவதென்றும் முடிவாகியிருந்தது. அம்முடிவை எடுத்தவர் யார் என்பதை எவரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. காலந்தான் எடுத்தது என்பது போல எல்லோரும் நடந்துகொண்டனர்.

அவ்வுறுதிக்கட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1987ஆம் ஆண்டு மே மாத இறுதியில் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை தொடங்கிய நாளில், வீட்டை விட்டு வெளியேறிய அவருடைய மனைவி, அளந்து கட்டிய அரிசியை அடுக்களையிலே மறந்துவிட்டு, இக்கட்டினை மட்டும் மடியிற் செருகிக்கொண்டு கோயிலடிக்கு ஓடினார். அன்று ஆசிரியர் அவரைக் கடிந்துகொண்டதும், பின்னர் அதற்காகப் பலகாலம் நாணியதும் பிள்ளைகள் அறிந்த கதைகள்.

பதின்மூன்று வயதுப் பேரன் அருகில் இருந்தான். தொறன்ரோவிலே சனிக்கிழமை தோறும் நடைபெறும் தமிழ் வகுப்பிற் படித்தவன். எழுத்துக் கூட்டி வாசிப்பான். தன் வாசிப்பை அப்பப்பாவுக்குக் காட்டவேண்டும் என்னும் விருப்பிலே பழைய உறுதியொன்றை எடுத்து உரக்கப் படித்தான். “யாழ்ப்பாண மாவட்டம், வடமராட்சிப் பகுதி, கட்டைவேலிக் கோவிற்பற்று, கரவெட்டி…” என்று வந்ததும் நிறுத்தினான்.

“கோவிற்பற்று எண்டா என்ன, அப்பப்பா? எந்தக் கோயில்?”

ஆசிரியர் தச்சந்தோப்புப் பிள்ளையாரின் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். எடுத்தவர் சொல்லவில்லை. பிள்ளையார் கோயிலுக்கும் உறுதியிலுள்ள சொல்லுக்கும் தொடர்பில்லை என்பது அவருக்குத் தெரியும். தொடர்புடைய கோவில் எது என்பதும், கேட்கும்பொழுது சொல்லும் அளவுக்குத் தெரியும். ஆயினும் அக்கோவிலைப் பற்றித் தம் வாழ்நாளில் ஒரு முறையேனும் எவருக்கும் கற்பித்ததில்லை என்பது அந்தக் கணத்திலேதான் அவருக்கு உறைத்தது.

“நாளைக்குச் சொல்லுறன், தம்பி” என்றார்.

கோவிற்பற்று என்னும் சொல்லிலுள்ள கோவில், சைவக் கோயிலைக் குறிப்பதன்று. அது போர்த்துக்கேயர் இக்குடாநாட்டில் எழுப்பிய கிறித்தவ தேவாலயத்தைக் குறிக்கும். 1619ஆம் ஆண்டு பிலிப் டி ஒலிவேறாவின் படையெடுப்போடு யாழ்ப்பாண இராச்சியம் வீழ்ந்தது. அதனை அடுத்த ஆண்டுகளில் பிரான்சிஸ்கன் சபையினரும் இயேசு சபையினரும் குடாநாட்டையும் தீவுகளையும் பங்குகளாகப் பிரித்துக்கொண்டு, பங்குக்கு ஒரு தேவாலயமாக நிறுவினர். ஒரு தேவாலயத்தின் ஆட்சிக்கு உட்பட்ட ஊர்களின் தொகுதியே தமிழிற் கோவிற்பற்று எனப்பட்டது. பற்று என்பது நிலப்பிரிவைக் குறிக்கும் பழஞ்சொல். மட்டக்களப்பிலே மண்முனைப்பற்று, கோறளைப்பற்று என இன்றும் வழங்குவது. புதிதாக வந்த ஓர் அமைப்புக்குப் பழைய சொல்லொன்றைப் பொருத்தி வழங்கிய நம் முன்னோர், அவ்வமைப்பு மறைந்த பின்னரும் அச்சொல்லைக் கைவிடவில்லை.

போர்த்துக்கேயரை அடுத்து 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தருடன் வந்த பல்டேயஸ் பாதிரியார், 1672ஆம் ஆண்டு வெளியான தம் நூலிலே இத்தேவாலயங்களை ஊர் ஊராக விவரித்துள்ளார். வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, பச்சிலைப்பள்ளி என்னும் பிரிவுகளிலும் தீவுகளிலுமாக 30க்கும் மேற்பட்டவை அவரால் எண்ணப்பட்டன. வடமராட்சிக்கு உரியவை மூன்று: பருத்தித்துறை, உடுப்பிட்டி, கட்டைவேலி. கரவெட்டி இம்மூன்றாவதன் எல்லைக்குள் அடங்கியது. இன்று நெல்லியடிச் சந்தியில் நின்று கட்டைவேலி என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கட்டைவேலி–நெல்லியடிப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமே. அதன் பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பது ஏறத்தாழ நானூறு ஆண்டுக்கு முந்திய ஒரு பங்கின் பெயர் என்பது பொதுவாக நினைக்கப்படுவதில்லை.

பல்டேயசின் நூலில் இத்தேவாலயங்கள் பலவற்றின் செதுக்குப் படங்கள் உள்ளன. அவற்றை நோக்குவோர்க்கு முதலில் தோன்றுவது வியப்பே. ஐரோப்பியக் கோவில் என்றதும் மனத்தில் எழும் வானளாவிய கோபுரமும் கூரிய வளைவும் அவற்றில் இல்லை. நீண்ட மண்டபம், சரிந்த கூரை, முகப்பிலே உயர்ந்த முக்கோணச் சுவர், சிலவற்றிற் பக்கச் சுவர்கள் முழுதாக எழாமல் தூண்களிடையே காற்று புகுமாறு திறந்து கிடக்கின்றன. சுற்றிலும் பனையும் தென்னையும். முகப்பை மறைத்துவிட்டுப் பார்த்தால் ஊர் மடம் ஒன்றையோ கோயில் மண்டபம் ஒன்றையோ பார்ப்பது போலிருக்கும்.

இத்தோற்றத்திற்குக் காரணம் மண்ணும் மரமும் ஆகும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறையாலானது. இங்கு கருங்கல் இல்லை. ஆகையால் கட்டுவோர் கையில் இருந்தவை நிலத்தை அகழ்ந்தெடுத்த சுண்ணக்கல்லும், கடற்கரையிலிருந்து வண்டியேற்றி வந்த முருகைக்கல்லுமே. முருகைக்கல் இலேசானது, வாளினால் அறுத்துவிடலாம், ஆயின் உடல் முழுதும் துளையுடையது. அதில் நுண்ணிய சிற்பம் செதுக்க இயலாது. கூரிய விளிம்பு நில்லாது. எனவே சுவர் பருமனாக எழுந்தது. அழகு வேண்டுமாயின் அதைக் கல்லிற் செதுக்காமல் சுண்ணச் சாந்திலே இழைக்கவேண்டும். அதே கல்லைச் சூளையிலிட்டுச் சுட்டாற் சுண்ணாம்பு. கல்லும் அதனை ஒட்டும் சாந்தும் ஒரே பொருளிலிருந்து பிறந்தமையால் சுவர் காலப்போக்கில் ஒரே பாறை போல இறுகிற்று.

கூரைக்குப் பனை. முற்றிய பனையின் வைரம் கறையான் அணுகாதது. ஒல்லாந்தர் காலத்திலே யாழ்ப்பாணத்துப் பனைமரம் கப்பலேறிப் பிறநாடு சென்றது. ஆனாற் பனங்கைமரம் எட்டும் தூரத்துக்கு ஓர் எல்லை உண்டு. மண்டபம் அதைவிட அகலமாக வேண்டுமெனில் இடையிலே தூண் வரிசை நிறுத்தவேண்டும். இன்றேல் அகலத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டவேண்டும். இலிஸ்பனிலும் கோவாவிலும் கண்ட கோவிலைப் பாதிரிமார் மனத்திற் கொண்டு வந்திருக்கலாம். ஆயினும் அதனைக் கட்டியெழுப்பிய கைகள் இந்நாட்டுக் கொத்தருடையவும் தச்சருடையவும் ஆகும். அவர்கள் அறிந்த அளவே கட்டடத்தின் அளவாயிற்று.

இனி, சொல்லாமல் விடத்தகாத செய்தியொன்று உண்டு. இக்கோவில்கள் வெறும் நிலத்தில் எழுந்தவை அல்ல. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் 1621இல் இடிக்கப்பட்டது. அதன் கற்கள் கோட்டை கட்டக் கொண்டுசெல்லப்பட்டன என்பது ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை வழி நிலைத்த செய்தி. குடாநாட்டின் ஏனைய கோயில்கள் பலவும் அக்காலத்தில் அழிந்தன. எனவே ஒரு கோவிற்பற்றின் வரலாற்றைச் சொல்லப் புகுபவன், கட்டியதோடு இடித்ததையும் சேர்த்தே சொல்லக் கடமைப்பட்டவன். ஆசிரியர் தம் வகுப்பிலே இவ்விரண்டில் ஒன்றையே சொல்லி வந்தார். இடித்ததைச் சொன்னார், அதற்காக மாணவரின் முகம் சிவந்ததையும் கண்டார். கட்டப்பட்டது எது, அதற்குள் வாழ்ந்தவர் யார் என்பதைச் சொல்லவில்லை. வாழ்ந்தவர்கள் அம்மாணவரின் பாட்டன் பூட்டன்மாரே.

ஒல்லாந்தர் இத்தேவாலயங்களை இடிக்கவில்லை. உள்ளே இருந்தவற்றை மாற்றினர். அவர்கள் சீர்திருத்தச் சபையினர். ஆதலாற் சொரூபங்களும் பலிபீடங்களும் அகற்றப்பட்டன, சுவர்கள் வெள்ளையடிக்கப்பட்டன, பிரசங்க மேடை முதன்மை பெற்றது. கோவிலோடு ஒட்டிய பாடசாலை வலுப்பெற்றது. பாடசாலை ஆசிரியரே தோம்பு எழுதுபவர். பிறப்பும் திருமுழுக்கும் திருமணமும் அத்தோம்பிற் பதிவாயின. பதிவு இல்லையேல் திருமணம் செல்லாது. திருமணம் செல்லாவிடிற் பிள்ளைகளின் உரித்துக்கு ஆதாரமில்லை. ஆகவே காணி வைத்திருப்போர் எல்லோரும் கோவிலுக்குச் செல்ல நேர்ந்தது. பகலிலே கோவிலில் வினாவிடை ஒப்புவித்துவிட்டு, விரத நாளில் வீட்டுக்குள் மறைவாக உண்ட வாழையிலையைக் கூரை இறப்பிலே செருகி ஒளித்தனர் என்று முதியோர் இன்றும் கதை சொல்வர். பெயரளவிற் கிறித்தவராயும் உள்ளத்தாற் சைவராயும் வாழ்ந்தவர்கள் இருந்தது போலவே, உண்மையாகவே அச்சமயத்தைத் தழுவி வழிவழியாகப் பேணியவர்களும் இருந்தனர். ஒரே மண்டபத்தின் கீழ் இருசாராரும் அருகருகே நின்றனர். சுவருக்கு அவ்வேறுபாடு தெரியாது.

நில உரித்தும் கோவிலும் இவ்வாறு பிணைந்தமையாலேயே கோவிற்பற்று என்னும் சொல் உறுதிக்குள் நுழைந்தது. 1707ஆம் ஆண்டு ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை இன்றும் யாழ்ப்பாணத்தவரின் சொத்துரிமையை ஆள்வது போல, அவர்களுடைய பங்குப் பிரிவும் காணிக் கடதாசியிலே நின்றுவிட்டது.

அவ்விரவு ஆசிரியருக்கு உறக்கம் வரவில்லை. தம் மாணவப் பருவத்தில் இங்கிலாந்து வரலாறு படித்துச் சோதனை எழுதிய தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். இங்கிலாந்தின் இடைக்காலப் பங்குக் கோவிலொன்றை எவ்வாறு வாசிப்பது என்பதைக் கண்ணாற் காணாமலேயே மனப்பாடம் செய்திருந்தார். வட்ட வளைவு காணப்படின் அது நோர்மானியர் காலம். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியளவில் கூர்வளைவு தோன்றும். பின்னர்ப் பலகணிகள் அகன்று கல்லிழைப் பின்னல் பெருகும். பதினைந்தாம் நூற்றாண்டிற் கம்பளி வாணிபத்தாற் செல்வமுற்ற ஊர்களிலே சுவரின் பெரும்பகுதி கண்ணாடியாகிவிடும். பீடம் அமைந்த கிழக்குப் பகுதியைப் பேணுவது அப்பங்கின் வருமானம் பெறும் குருவின் கடமை. மக்கள் நிற்கும் மண்டபத்தைப் பேணுவது பங்கு மக்களின் கடமை. இதனால் ஒரே கட்டடத்திலே ஒரு பகுதி சிறுத்துப் பழமையாகவும், மறுபகுதி விரிந்து புதுமையாகவும் நிற்பதுண்டு. ஊரின் ஏற்றத்தாழ்வு கல்லிலே எழுதப்பட்டிருக்கும்.

இது நமக்குப் புதிய செய்தி அன்று. கரவெட்டியிலுள்ள எந்தக் கோயிலிலும் மடைப்பள்ளி ஒருவர் உபயம், வசந்த மண்டபம் இன்னொருவர் உபயம், மணிக்கூண்டு வெளிநாட்டிலுள்ள மூன்றாமவர் உபயம். ஐந்நூறு ஆண்டு கழித்து ஒருவன் வந்து அக்கோயிலைப் பார்த்தால், ஊரார் எப்பொழுது வறுமையுற்றனர், எப்பொழுது கடல்கடந்தனர் என்பதைச் சுவர் வரிசையைக் கொண்டே கூறிவிடலாம்.

இங்கிலாந்தின் பங்குக் கோவில்களும் இடிபாட்டையும் மாற்றத்தையும் கண்டவை. நோர்தாம்டன்ஷயரிலுள்ள பிரிக்ஸ்வேத் கோவிலின் வளைவுகள், உரோமர் விட்டுச்சென்ற செங்கற்களை எடுத்துக் கட்டியவை. கி.பி. 601இல் பாப்பரசர் முதலாம் கிரகோரி, ஆங்கிலேயரின் பழைய கோயில்களை இடிக்காது தூய்மைப்படுத்திக் கிறித்தவ வழிபாட்டுக்குப் பயன்படுத்துமாறு எழுதினார். ஆயிரம் ஆண்டு கழித்து நல்லூருக்கு வந்தவர்கள் அவ்வறிவுரையைப் பின்பற்றவில்லை. 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தோமஸ் குரொம்வெல், திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பங்கு தோறும் ஏட்டிற் பதியுமாறு ஆணையிட்டார். அவ்வேட்டுக்கும் நம் தோம்புக்கும் குடும்ப ஒற்றுமை உண்டு. சமயச் சீர்திருத்தத்தை அடுத்து அங்கும் சொரூபங்கள் அகற்றப்பட்டன. சுவரோவியங்கள் சுண்ணாம்பால் மூடப்பட்டன. சாலிஸ்பரி நகரத்துப் புனித தோமஸ் கோவிலின் பெருவளைவின் மேல் எழுதப்பட்ட இறுதித் தீர்ப்பு ஓவியம் 1593இல் வெள்ளையடிக்கப்பட்டது. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளின் பின் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அது மீண்டும் வெளிப்பட்டது. அழிக்கவென்று பூசிய சுண்ணாம்பே அவ்வோவியத்தை வெயிலினின்றும் புகையினின்றும் காத்திருந்தது.

இவையெல்லாம் ஆசிரியருக்குத் தெரியும். சாலிஸ்பரி தெரியும், சங்கானை தெரியாது. நெல்லியடியிலிருந்து பேருந்தேறினால் முற்பகலுக்குள் போய்ச்சேரக்கூடிய சங்கானைக்கு, அங்குள்ள பழைய போர்த்துக்கேயத் தேவாலயத்தைப் பார்ப்பதற்கென்று அவர் ஒருநாளும் சென்றதில்லை. மறுநாட் காலையிற் பேரனை அழைத்துக்கொண்டு புறப்பட்டார். வான் பிடித்துத் தருவதாக மகன் சொன்னதை மறுத்து, பேருந்திலேயே யாழ்ப்பாணம் சென்று, அங்கிருந்து வேறொரு பேருந்திலே சங்கானையில் இறங்கினார்.

தொல்லியற் சின்னமாகப் பாதுகாக்கப்படும் அக்கட்டடத்திலே கூரை இல்லை. மண்டபத்தின் தரையிற் புல் முளைத்திருந்தது. பருத்த சுவர்கள் நின்றன. பீடம் இருந்த பகுதிக்குச் செல்லும் வளைவு அரைவட்டமாக எழுந்திருந்தது. ஆசிரியர் அதனை நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். கருங்கல்லில்லாத நாட்டிலே, துளைபட்ட கடற்கல்லை அறுத்துச் சாய்த்து அடுக்கி, ஒன்றையொன்று தாங்கி நிற்கச் செய்த கொத்தன் யார்? அவன் அதற்கு முன் வளைவு கட்டியிருப்பானா? சாரத்தைப் பிரிக்கும் வேளையிலே அவன் நெஞ்சு எப்படி அடித்திருக்கும்? பாதிரியாரின் பெயரைத் தேடினால் ஏட்டிற் கிடைக்கலாம். இவன் பெயர் எந்தத் தோம்பிலும் ‘வளைவு கட்டியவன்’ என்று எழுதப்பட்டிருக்காது.

பூச்சு உதிர்ந்த இடமொன்றிலே பேரன் விரலை வைத்தான். “அப்பப்பா, இதுக்குள்ள சிப்பி இருக்கு” என்றான். உண்மையிலே கல்லுக்குள் ஒரு சிறு சிப்பியின் அச்சுப் பதிந்திருந்தது. அதன் அருகே பூச்சின் மேற் பூச்சாகப் பல படைகள், பழைய கொப்பி ஒற்றைகள் போல விளிம்பு காட்டின. எந்தப் படை எவர் காலத்தது என்பதை ஆசிரியராற் கூற இயலவில்லை. ஆயினும் ஒன்று மட்டும் தெளிவாயிற்று. ஒவ்வொரு படையையும் பூசியவன் அடுத்த ஆண்டும் இக்கட்டடம் நிற்கவேண்டும் என்று எண்ணியே பூசினான். கைவிட எண்ணியவன் வெள்ளையடிப்பதில்லை.

“இதை இடிச்சது ஆர்?” என்று பையன் கேட்டான்.

“ஒருத்தரும் இடிக்கேல்லை, தம்பி. வாறதை விட்டிட்டினம்.”

இவ்விடை வரலாற்றோடு பொருந்துவதே. 1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். பதவிக்கும் உரித்துக்கும் திருமுழுக்கு வேண்டும் என்னும் நிலை நீங்கியதும், பெயரளவிற் கிறித்தவராய் இருந்தோர் கோவிலுக்கு வருவதை நிறுத்தினர். அதற்கு முன்னரே, ஒல்லாந்தர் ஆட்சியின் பிற்கூற்றில், நல்லூரிலே கந்தசுவாமி கோயில் மீண்டும் எழுந்திருந்தது; வண்ணார்பண்ணையில் வைத்தீசுவரன் கோயில் 1791இற் குடமுழுக்குக் கண்டது. ஊர்களிலே கோயில்கள் புதுப்பொலிவு பெற, பங்குத் தேவாலயங்களின் கூரைகள் ஒவ்வொன்றாக இறங்கின. கூரை இறங்கிய சுண்ணாம்புச் சுவருக்கு மாரிமழை பெரும்பகை. கதவுநிலை ஒரு வீட்டுக்கும், கல் இன்னொரு வீட்டு அத்திவாரத்துக்கும் போயின.

எல்லாக் கோவிலுக்கும் இக்கதி நேர்ந்ததில்லை. 1816இல் வந்த அமெரிக்க மிசனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பாழடைந்து கிடந்த பழைய கட்டடங்களைச் செப்பனிட்டுக் குடியேறினர். 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரி தொடங்கிற்று. அங்குள்ள தேவாலயம் போர்த்துக்கேயர் தொடங்க, ஒல்லாந்தர் மாற்ற, அமெரிக்கர் கூரையிட, இன்று தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனப் பேராலயமாகத் தமிழர் வழிபாட்டில் நிலைத்திருக்கின்றது. மாறாக, கோட்டைக்குள்ளே ஒல்லாந்தர் 1706இற் சிலுவை வடிவில் எழுப்பிய பெருந்தேவாலயம், 1990ஆம் ஆண்டுப் போரிலே சிதைந்து கற்குவியலாயிற்று. கட்டடம் வலிமையாக இருப்பது மட்டும் அதன் ஆயுளை முடிவு செய்வதில்லை. அதற்குள்ளே அடுத்த வெள்ளிக்கிழமையோ அடுத்த ஞாயிற்றுக்கிழமையோ யாரேனும் வருவர் என்னும் எதிர்பார்ப்பும் வேண்டும்.

பேருந்திலே திரும்பி வருகையிற் பையன் உறங்கிவிட்டான். ஆசிரியர் யன்னலோரமாக இருந்து, தம் வீட்டைப் பற்றி எண்ணலானார். அது அவருடைய தகப்பனார் கட்டியது. சுண்ணக்கற் சுவர்; பனங்கைமரக் கூரை. ஷெல் விழுந்து பிளந்த அடுக்களைப் பக்கத்தைத் தொண்ணூறுகளிலே சீமெந்து பூசி மூடினார். சுவரிலே அந்த வடு நேர்கோடாகத் தெரியும். பழைய பூச்சுக்கும் புதிய பூச்சுக்கும் நிறம் ஒத்துப்போகவேயில்லை. அவருடைய மனைவி அதன் மேல் நாட்காட்டியைத் தொங்கவிட்டு மறைத்தார். ஒரு கட்டடத்தை வாசிக்கத் தெரிந்தவன் எவனேனும் இவ்வீட்டுக்கு வந்தால், அந்த ஒரு கோட்டிலிருந்து எவ்வளவு சொல்லிவிடுவான்!

காணியை வாங்க இருந்தவன் அந்நியன் அல்லன். தேசவழமை உணர்ந்தவர்கள் முதலில் உறவுக்குள்ளே கேட்பர். பக்கத்து வளவிலிருக்கும் ஒன்றுவிட்ட தங்கையின் மகன் அவன். மாலையில் வந்து, வெகுநேரம் தயங்கியபின், “மாமா, வீட்டை இடிச்சுத்தான் கட்டவேணும். கல்லைப் பழுதாக்கமாட்டன். அத்திவாரத்துக்குப் போடுவன்” என்றான். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

மகன் தந்தையின் முகத்தைப் பார்த்தான். ஆசிரியர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “நிலையையும் கழட்டி வை, தம்பி. நல்ல மரம்” என்றார்.

அவர் பெருந்தன்மையாற் சொன்னதாக மகன் நினைத்தான். அவ்வாறு கொள்வது முழுவதும் சரியன்று. சங்கானையிலே அவர் கண்டுவந்தது, இக்குடாநாட்டிலே கல் ஒரு கோலத்தில் நிலைத்திருப்பதில்லை என்பதை. கடலிலே வளர்ந்தது கோயிலாயிற்று, கோயில் கோட்டையாயிற்று, கோவிலின் கல் வீட்டுக்குப் போயிற்று, வீட்டின் கல் இன்னொரு வீட்டுக்குப் போகும். இழப்பு உண்டு. அதனை இல்லையென்று சொல்வது பொய். ஆனால் தன் மருமக்கள் குடியிருக்கப்போகும் அத்திவாரத்தினும் அவ்விழப்புக்குத் தகுந்த இடம் வேறொன்று அவருக்குத் தெரியவில்லை.

உறுதி முடிக்கும் நாளிலே நொத்தாரிசு தட்டச்சுச் செய்த வரைவைக் கொண்டுவந்தார். இளைஞர். மரியாதை தெரிந்தவர். ஆசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காணிவிபரத்தை வரிவரியாக வாசித்தார். மாவட்டம் இருந்தது, பிரதேச செயலாளர் பிரிவு இருந்தது, கிராம அலுவலர் பிரிவு எண்ணோடு இருந்தது, பரப்பு, எல்லை, பங்குக்கிணறு, வழிவாய்க்கால் உரித்து எல்லாம் இருந்தன.

“தம்பி, கோவிற்பற்று விடுபட்டுப் போச்சு.”

“இப்ப அது கட்டாயமில்லை ஐயா. பிரிவு போட்டாக் காணும்.”

“பழைய உறுதியில இருக்கு. புதிசிலும் இருக்கட்டும். ஒரு சொல்லுத்தானே.”

நொத்தாரிசு மறுக்கவில்லை. பக்கத்தைத் திருத்தி மறுபடி எடுத்து வந்தார். வழக்கப்படி, கையொப்பமிடுமுன் சாட்சிகள் முன்னிலையிலே அதனை உரக்க வாசித்தார். விற்பவர் பெயர், வாங்குபவர் பெயர், தொகை என்று ஒரே தொனியிற் செல்லும் அவ்வாசிப்பை விறாந்தையில் எவரும் ஊன்றிக் கேட்கவில்லை. மகன் கடிகாரத்தைப் பார்த்தான். பேரன் படியிலிருந்து கைத்தொலைபேசியில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தான். “வடமராட்சிப் பகுதி, கட்டைவேலிக் கோவிற்பற்று, கரவெட்டி…” என்று நொத்தாரிசு வாசித்த பொழுது, அவன் தலையை நிமிர்த்தி அப்பப்பாவைப் பார்த்தான்.

ஆசிரியர் பேனையை வாங்கிக் கையொப்பமிட்டார்.